முத்தாரம்மாளின் செருப்பும் முதல் பக்கமும்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களில் பாதிப் பேராவது தாணுலிங்கம் பிள்ளையின் ஓட்டலில் ஏறி இட்லி தின்றிருப்பார்கள். அந்த இட்லிக்கு மாவாட்டியவளை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. அவள் பின்கட்டில், அடுப்புப் புகைக்கு நடுவே, ஆட்டுரலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெயர் முத்தாரம்மாள். ஆற்றில் விழுந்து செத்துப்போனாள் என்று பேப்பரில் வந்த பிறகுதான் ஊர் அவளைத் தெரிந்துகொண்டது. ஏழை உயிரோடிருக்கும்போது பேப்பர்காரர்கள் எட்டிப் பார்ப்பதில்லை, செத்தால் ஓடி வருவார்கள். முத்தாரம்மாள் சாகாமலேயே அவர்களை ஓட வைத்தாள்.

சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். கட்டட வேலைக்கு வந்த கணவன் லிங்கத்தோடு இங்கே வந்தவள். அவன் காய்ச்சலில் போன பிறகு ஊருக்குத் திரும்பி வா என்று கூப்பிடவும் ஆளில்லை, போனால் சோறு போடவும் ஆளில்லை. பிள்ளை குட்டியும் கிடையாது. தாணுலிங்கம் ஓட்டலில் மாவாட்டச் சேர்ந்தாள். கரமனையில் ஆற்றை ஒட்டிய லைன் வீட்டில் ஓர் அறை பிடித்துக்கொண்டாள். திருநெல்வேலித் தமிழும் கரமனை மலையாளமும் அவள் வாயில் அரிசியும் உளுந்தும் போல ஒன்றாக அரைபட்டு வரும். குரல் மட்டும் அரைபடாமல் முழுசாக வரும், முன்கட்டில் காப்பி குடிப்பவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

முதலாளி தாணுலிங்கம் பிள்ளை நாஞ்சில் நாட்டுக்காரர். நல்ல மனுஷன். தான் தின்னும் சோற்றைத்தான் வேலைக்காரர்களுக்கும் போடுவார். யாருக்காவது கை வெட்டுப்பட்டால் தானே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். லீவு என்ற சொல்லை மட்டும் அவர் காது வாங்காது. "அடுப்புக்கு லீவு உண்டா? வயித்துக்கு லீவு உண்டா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். அதோடு பேச்சு முடிந்தது. ஞாயிறும் திங்களும் அந்தப் பின்கட்டுக்கு ஒன்றுதான்.

வருஷத்தில் ஒரே ஒரு தடவை முத்தாரம்மாள் சண்டை போட்டு லீவு வாங்குவாள். ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்தையன் கோயிலுக்குப் போக வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பாதி அந்தச் சமயம் காட்டுக்குள் குடில் கட்டிக் கிடக்கும், அதில் தானும் ஒருத்தியாகக் கிடந்து வந்தால்தான் அவளுக்கு வருஷம் ஓடும். அந்த வருஷம் இன்னொரு காரணமும் இருந்தது. மஞ்சள்காமாலையில் படுத்து எழுந்தபோது, அங்கே இருக்கும் பட்டவராயனுக்கு ஒரு ஜோடி தோல் செருப்பு நேர்ந்திருந்தாள். பட்டவராயனுக்குச் செருப்புத்தான் காணிக்கை. கட்டித் தொங்கவிட்ட செருப்பை அடுத்த வருஷம் பார்த்தால் தேய்ந்திருக்கும், சாமி போட்டுக்கொண்டு காடெல்லாம் நடக்கிறார் என்பார்கள். சாமிக்குச் செருப்புக் கொண்டுபோகிறவள் தன் காலில் செருப்பு மாட்டலாமா? கூடாது என்று அவளே தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

அமாவாசைக்குச் சில நாள் முன்பு, விடிந்ததும் கரமனை ஆற்றுக் கடவில், குளிக்கும் படித்துறையில், முழுகி எழுந்தாள். புதுச்சேலை கட்டினாள். வார் அறுந்து ஊக்குக் குத்தி ஓட்டிக்கொண்டிருந்த பழைய ரப்பர் செருப்பைப் படியில் ஓரமாகச் சேர்த்து வைத்தாள். இனி அதைத் தொட்டால் விரதம் கெடும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். சாமியின் தோல் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு, பாலத்துக்கு ஏறி, நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்தாள். முதலாளியிடம் முந்தின நாளே சொல்லியாகிவிட்டது. அவளுடைய மனசு லேசாக இருந்தது.

கோயிலில் செருப்பைக் கட்டினாள், பொங்கலிட்டாள், அருவியில் குளித்தாள், காலில் முள் ஏறிய இடத்தில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு திரும்பினாள். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. எதிரே வந்த பூக்காரி அவளைக் கண்டதும் கூடையோடு ஒதுங்கி நின்றாள். ஓட்டலின் பின்வாசல் வழியாக நுழைந்தால், சரக்கு மாஸ்டர் பிச்சைக்கனி கையிலிருந்த ஜல்லிக்கரண்டியை எண்ணெய்ச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டான்.

"யக்கா," என்றான் மெதுவாக. "நீங்க செத்துப்போயிட்டியளே."

"ஆருல சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருக்கு."

முத்தாரம்மாளுக்கு எழுத்து தெரியாது. பிச்சைக்கனி வாசித்துக் காட்டினான். நாகர்கோவிலில் அச்சாகி விடியற்காலை பஸ்ஸில் கட்டுக்கட்டாக வந்து இறங்கும் 'தென்கடல் செய்தி'. முதல் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து. கரமனை ஆற்றில் தமிழ்ப்பெண் தற்கொலை? கரையில் செருப்பு, பின்னணியில் மர்மம். அதற்குக் கீழே இன்னொரு வரி: ஓட்டல் முதலாளியின் ஆசை வலையா?

அறுபதைத் தாண்டிய தாணுலிங்கம் பிள்ளைக்கு ஆசை வருவதென்றால் வற்றல் மிளகாய் விலை இறங்கும்போது மட்டும்தான் வரும். இது அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பேப்பரில் வந்துவிட்டதே என்று எல்லாரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கல்லாவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார் மனுஷன். வெற்றிலை போடுவதையே விட்டிருந்தார். முத்தாரம்மாளைப் பார்த்ததும் எழுந்தார், கண் கலங்கிப்போய் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பேசியது அவர் மனைவி சொர்ணம்மாள். ஓட்டலின் சாவிக்கொத்து அந்த அம்மாளின் இடுப்பில்தான் இருந்தது.

"நீ உசிரோட வந்தது சந்தோசம்தான் முத்தாரம்மா. இது பொய்யின்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா போருமா, ஊருக்குத் தெரியாண்டாமா? இப்ப நீ மறுபடி வந்து இங்க இருந்தா, ஒளிச்சு வச்சிருந்தான் கெளவன்னு பேசுவாவ. பேப்பர்ல வந்த காரியம் பேப்பர்லயே போகட்டும். அதுவரைக்கும் இந்தக் கட்டுக்குள்ள கால் வைக்காண்டாம், கேட்டியா."

"ஆச்சி, நான் கோயிலுக்குல்லா போனேன்."

"எனக்குத் தெரியும்னு சொன்னேம்லா. பேப்பர்ல வரட்டும்."

முத்தாரம்மாள் வாசலில் நின்றாள். கணவன் போனபோது அழுதாள், காமாலையில் கிடந்தபோது பயந்தாள். இப்போது அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து எரிந்துகொண்டு கோபம் வந்தது. ஆட்டுரலைத் திரும்பிப் பார்த்தாள். வேறு எவளோ ஒருத்தி அதில் உட்கார்ந்து, தண்ணீரை அள்ளி ஊற்றி, மாவைக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதை எழுதினவன் ஆரு?" என்று பிச்சைக்கனியிடம் கேட்டாள்.

எழுதினவர் கோமதிநாயகம். சாலைத் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறவர், வயது முப்பதுக்கு மேல். மற்ற நேரத்தில் 'தென்கடல் செய்தி'க்குத் திருவனந்தபுரம் நிருபர். செய்தியை எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, நாகர்கோவில் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். அந்தப் பக்கம் பேப்பர் ஆபீஸ் ஆள் நின்று வாங்கிக்கொள்வான். தமிழ்ச் சங்கக் கூட்டம், கோயில் உற்சவம், சாலைக் கடைக்காரர்களின் தேர்தல் என்று அவர் அனுப்புவதெல்லாம் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வரும். கரமனைக் கடவில் கூட்டம் கூடியதைக் கேட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு முதலில் வந்து சேர்ந்தவர் அவர்தான். ஊக்குக் குத்திய செருப்பைப் பார்த்து அது இன்னாருடையது என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, அங்கிருந்து நேரே ஓட்டலுக்குப் போய் முதலாளியையும் விசாரித்திருந்தார். அதன் பிறகுதான் அந்தச் செய்தி எழுதப்பட்டது.

ஜவுளிக்கடைப் படியில் முத்தாரம்மாள் ஏறியபோது அவர் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பேனா மூடியைப் பேனாவின் தப்பான முனையில் செருகப் பார்த்தார்.

"செத்தவ வந்திருக்கேன் தம்பி," என்றாள். "செருப்பில்லாமத்தான் வந்திருக்கேன், பயப்படாண்டாம்."

கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கோமதிநாயகம் அவளை வெளியே, கடைக்குப் பக்கத்துச் சந்துக்குக் கூட்டிப்போனார்.

"தலைப்பு நான் போட்டதில்ல, அக்கா. அது ஆபீஸ்ல போடுறது. சந்தேகமாத்தானே போட்டிருக்கு, கடைசில கேள்விக்குறி கூட உண்டு."

"செருப்பு?"

"செருப்பு இருந்தது நெசம்தானே."

"எங்க முதலாளிட்ட கேட்டியளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

கோமதிநாயகம் சுவரைப் பார்த்தார். "கோயிலுக்குப் போயிருக்கான்னு சொன்னாரு."

"அதை எழுதினியளா?"

கோமதிநாயகம் காலால் ஒரு கல்லை ஓரம் தள்ளினார்.

"ஆடி மாசம், அமாவாசைக்கு முன்னால, திருநெல்வேலிக்காரி ஒருத்தி ஆத்துல முழுகிச் செருப்பைக் கழத்தி வச்சா எங்க போயிருப்பான்னு உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கு எந்த ஊரு?"

"கடையம்," என்றார்.

கடையத்துக்கும் காரையாற்றுக்கும் கூப்பிடு தூரம். முத்தாரம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தெரியாமல் செய்தவனைத் திட்டி அனுப்பிவிடலாம். இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எழுதியிருக்கிறார்.

அப்போது கோமதிநாயகம் மனசைத் திறந்து பேசினார். போன வருஷம் ஓட்டல் தொழிலாளர்களைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை அனுப்பினாராம். விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வுகூடக் கிடையாது, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் கேட்க நாதியில்லை என்றெல்லாம் விசாரித்து எழுதியிருந்தாராம். அது வாழைத்தார் விலை நிலவரத்துக்குக் கீழே இரண்டு வரியாக வந்ததாம். "ஒரு ஓட்டல்காரி செத்துப்போனான்னு போட்டாத்தான் முதல் பக்கத்துல வருது. வந்தா நாலு பேரு இந்த ஜனங்களைப் பத்திக் கேப்பாங்கன்னு நெனச்சேன். உங்களுக்காகத்தான் எழுதினேன் அக்கா, சத்தியமா."

"எனக்காகன்னா எங்கிட்டல்லா கேட்டிருக்கணும்."

"நீங்கதான் செத்துப் போ..." என்று ஆரம்பித்து, அவரே நிறுத்திக்கொண்டார்.

முத்தாரம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள், இப்போது சிரித்தால் காரியம் கெட்டுவிடும். மனுஷன் பாதி யோக்கியன். தொழிலாளி மேல் இரக்கம் இருந்தது உண்மை, முதல் பக்கத்தின் மேல் ஆசை இருந்ததும் உண்மை. எது முன்னால் நின்று பேனாவைப் பிடித்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"சாயங்காலப் பஸ்ஸுல மறுப்பு அனுப்பிடுதேன்," என்றார் அவர். "நாளைக்கே வந்திரும்."

"எங்க வரும்?"

"நாலாம் பக்கம்."

"எம்புட்டுப் பெருசா?"

கோமதிநாயகம் இரண்டு விரலைச் சேர்த்து இடைவெளி காட்டினார். அந்த இடைவெளியில் ஒரு உளுந்து வைக்கலாம்.

"கவரெல்லாம் வேண்டாம் தம்பி. என்னையே பஸ்ல ஏத்துங்க. நீங்களும் கூட வாங்க."

கோமதிநாயகம் தயங்கினார். ஆபீஸில் போய்ப் பேசினால் நிருபர் வேலை போய்விடும். அது சம்பளத்துக்காகப் பார்க்கும் வேலை இல்லை. சாலைத் தெருவில் அவரை 'ரிப்போர்ட்டர் சார்' என்று கூப்பிடுவார்கள், அந்த ஒரு மரியாதைக்காகப் பார்த்த வேலை. ஆனாலும் கடைக்குள் போய், முதலாளியிடம் என்னவோ சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

நாகர்கோவிலில் 'தென்கடல் செய்தி' ஆபீஸ் ஒரு பழைய அரிசிக் கிட்டங்கியில் இருந்தது. ஆசிரியரும் முதலாளியும் ஒருத்தரே, கோலப்பன் என்று பெயர். பெரிய உடம்பு, பெரிய மேஜை, மேஜை மேல் பொடி டப்பா. கோமதிநாயகம் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், கோபப்படுவார், பதறுவார் என்று முத்தாரம்மாள் எதிர்பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் மேஜையைத் தட்டினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"எட சக்கை," என்றார். "செத்தவ திரும்பி வந்திருக்கா. இதுல்லாவே செய்தி. கோமதிநாயகம், எழுதிக்கிடும். கரமனை ஆற்று வெள்ளத்தில் மூழ்கிய பெண் காரையாற்றில் உயிருடன் எழுந்த அதிசயம். சொரிமுத்தையன் திருவருள். பக்தர்கள் பரவசம். உம்ம பேரையும் போட்டிருதேன், நமது நிருபர் கோமதிநாயகம்னு, தலைப்புக்குக் கீழயே. அம்மா, இப்பிடி வெளிச்சத்துல வந்து நில்லு, படம் எடுக்கட்டு."

முத்தாரம்மாள் ஆசிரியரைப் பார்க்கவில்லை, கோமதிநாயகத்தின் முகத்தைத்தான் பார்த்தாள். தன் பெயரை முதல் பக்கத்தில் பார்க்க அவர் எத்தனை வருஷமாக ஏங்கியிருக்கிறார் என்பது அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. கை தானாகப் பேனாவை எடுத்தது. இவன் எழுதிவிடுவான் என்று அவள் நினைத்தாள். அவளைக் கொன்றவர்கள் இப்போது சாமியாக்கப் பார்க்கிறார்கள். இரண்டிலும் அவள் இல்லை, அவளுடைய ஆட்டுரலும் இல்லை.

கோமதிநாயகம் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, அது பொய்."

"என்னவே பொய்யி? ஆளு நிக்கால்லா?"

"இவங்க ஆத்துல மூழ்கவும் இல்ல, எழும்பவும் இல்ல. குளிச்சாங்க, பஸ்ஸேறிக் கோயிலுக்குப் போனாங்க. அவங்க முதலாளி எங்கிட்ட அன்னைக்கே சொன்னாரு. நான் எழுதல. அதைத்தான் போடணும்."

"அதை எவன்வே காசு குடுத்து வாங்குவான்? நாலாம் பக்கத்துல போடுதேன், போரும்."

முத்தாரம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"தம்பி, இந்த ஊர்ல இன்னொரு பேப்பர் ஆபீஸ் உண்டும்லா? அது எந்தத் தெரு?"

அது அடுத்த தெருதான். அந்தப் பேப்பர்காரனும் கோலப்பனும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. 'தென்கடல் செய்தி' கொன்ற பெண் உயிரோடு நடந்து போய் அடுத்த தெருவில் உட்கார்ந்தால் நாளைக்கு என்ன நடக்கும் என்பதைக் கோலப்பன் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டார். பொடியை எடுத்த கை மூக்குக்குப் போகாமல் நின்றது.

"இரும்மா, இரும்மா," என்றார். "மோரு குடிக்கியா?"

மோர் வந்தது. குடித்துவிட்டு, தனக்கு வேண்டியதை முத்தாரம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் பக்கம். அன்றைக்குப் போட்ட அதே இடம். அதே பெரிய எழுத்து. கடைசியில் அந்தக் கேள்விக் கொக்கி இருக்கக் கூடாது. அதிசயமும் வேண்டாம், அருளும் வேண்டாம். அய்யன் அருள் தனக்கும் அய்யனுக்கும் உள்ள விஷயம், அதைப் பேப்பர்காரர்கள் விற்க வேண்டாம். அச்சுக் கோத்ததும் வாசித்துக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் படத்துக்கு நிற்பாள்.

"பெரிய எழுத்து எல்லா நாளும் எடுக்கதில்ல, மரத்துல செதுக்கினதாக்கும்," என்று கோலப்பன் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"நான் செத்ததுக்கு எடுத்தியளே. பொழைச்சதுக்கு எடுக்கக் கூடாதா?"

அச்சுக் கோக்கிறவர் சொரிமுத்து. குலசாமி பெயரையே வைத்துக்கொண்டவர். மர எழுத்துப் பெட்டியைத் திறந்துகொண்டே, "நான் அன்னைக்கே சொன்னேன். ஆடி மாசம் செருப்பைக் கழத்திவச்ச பொம்பளை கோயிலுக்குத்தான் போயிருக்கும்னு. கோக்கிறவன் பேச்சை இங்க ஆரு கேக்கா?" என்றார். கோலப்பன் அதைக் காதில் வாங்காதவர்போல் வெளியே பார்த்தார்.

கோமதிநாயகம் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்ததும் முத்தாரம்மாள் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எனக்காக எழுதினேன்னு சொன்னியள்லா. அந்த லீவு காரியம், வாழைத்தாருக்குக் கீழ வந்ததே, அதையும் எழுதுங்க. எங்க ஓட்டலைச் சேத்தே எழுதுங்க."

"உங்க முதலாளி பாவம் அக்கா. ஏற்கெனவே நொந்து போயிருக்காரு."

"அவரு நல்லவருதான். அதை எழுதுங்க. லீவு தரமாட்டாரு. அதையும் எழுதுங்க. ரெண்டும் நெசம்தானே, எதுக்கு ஒண்ணை விடணும்?"

பொழுது சாயும் முன்பு சொரிமுத்து கோத்து முடித்து, அய்யன்மேல் ஆணையாக ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்துக் காட்டினார். தலைப்பு: நாம் எழுதியது தவறு, முத்தாரம்மாள் உயிருடன் இருக்கிறார். கீழே செய்தி. கோயிலுக்குப் போனது, செருப்பைக் கழற்றியதன் காரணம், தாணுலிங்கம் பிள்ளை மாசற்றவர் என்பது. பிறகு ஒரு வரி: இந்த உண்மையை ஓட்டல் உரிமையாளர் அன்றே நமது நிருபர் கோமதிநாயகத்திடம் சொன்னார், நிருபர் அதை எழுதாமல் விட்டார். அந்த வரியை எடுத்துவிடலாம் என்று கோலப்பனே சொன்னார். இருக்கட்டும் என்றார் கோமதிநாயகம். பக்கத்துப் பத்தியில் ஓட்டல் தொழிலாளர்களுக்கு வார ஓய்வு இல்லை என்ற செய்தி, இந்தத் தடவை முழுசாக. அடுத்த தெருவை நினைத்துக் கோலப்பன் அதற்கும் தலையாட்டியிருந்தார். முத்தாரம்மாள் கொக்கி ஏதாவது தெரிகிறதா என்று அச்சுப்படியை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவித் தேடினாள். இல்லை என்றதும் எழுந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, வெளிச்சத்தில் போய் நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் கிழக்கேகோட்டைப் பேப்பர்க் கடையில் தலைப்புத் தாள் தொங்கியது. முதல் பஸ்ஸுக்கு வந்த கூட்டம் அதன் முன்னால் நின்றது, அடுத்த பஸ்ஸுக்கு வந்த கூட்டம் முதல் கூட்டத்தின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் கட்டு காலி. அவள் செத்த நாளில்கூட அத்தனை வேகமாகப் போனதில்லை என்று கடைக்காரன் வியந்தான். வாங்கியவர்கள் நேரே ஓட்டலுக்கு வந்து உட்கார்ந்து, இட்லி சொல்லிவிட்டு, பின்கட்டை எட்டிப் பார்த்தார்கள். தாணுலிங்கம் பிள்ளை பல நாளைக்குப் பிறகு வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்.

முத்தாரம்மாள் பின்வாசலில் வந்து நின்றாள். உடனே உள்ளே கால் வைக்கவில்லை. சொர்ணம்மாள் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

"வா முத்தாரம்மா. பேப்பர்ல வந்தாச்சு."

"எல்லாத்தையும் வாசிச்சியளா ஆச்சி?"

"வாசிச்சேன்."

"பக்கத்துல உள்ளதையும்?"

சொர்ணம்மாள் சாவிக்கொத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு வெற்றிலையை மென்றார்.

"பேப்பர்ல வந்த காரியம் பேப்பரோட போகட்டும்னு இருந்திரப்படாது ஆச்சி," என்றாள் முத்தாரம்மாள். "நீங்க பேப்பரை நம்புத ஆளுல்லா."

முன்கட்டில் இட்லிக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கையில் அதே பேப்பர் இருந்தது. சொர்ணம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"செவ்வாக்கெழமை எடுத்துக்கோ. மத்தவனுவளுக்கும் ஆளுக்கு ஒரு நாளு மாத்தி மாத்தி. போயி மாவைப் பாரு, அந்தப் புள்ள தண்ணிய ஊத்திக் கெடுத்து வச்சிருக்கா."

பிச்சைக்கனி ஜல்லிக்கரண்டியால் சட்டியில் ஒரு தட்டுத் தட்டினான். முத்தாரம்மாள் உள்ளே போய், ஆட்டுரலில் உட்கார்ந்து, குழவியைப் பிடித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஆட்டினாள், சந்தோஷமாக இருந்தது.

அப்படிக் கிடைத்த ஒரு செவ்வாய்க்கிழமை. புரட்டாசி பிறந்து ஆறு தெளிந்திருந்தது. அவசரமில்லாமல் குளிப்பது எப்படி இருக்கும் என்று முத்தாரம்மாள் அந்த வயதில்தான் தெரிந்துகொண்டாள். சொர்ணம்மாள் வாங்கிக் கொடுத்த புது ரப்பர் செருப்பைப் படியில் சேர்த்து வைத்துவிட்டு, மூச்சை அடக்கி நீருக்குள் கொஞ்சம் தூரம் போனாள். படித்துறைச் சுவரின் மறைவுக்கு அந்தப் பக்கம் போய்த் தலையைத் தூக்கினாள்.

பாலத்துப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் கோமதிநாயகம். நிருபர் வேலை போகவில்லை. கட்டு காலியானதைக் கேள்விப்பட்ட கோலப்பனுக்கு அவரை விட மனசில்லை. சட்டைப் பையில் அதே பேனா இருந்தது. படியில் இருந்த செருப்பைப் பார்த்தார். ஆளில்லாத ஆற்றைப் பார்த்தார். பேனாவைத் தொடவில்லை. படி ஓரம் வரைக்கும் இறங்கி வந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டார்.

"முத்தாரம்மாக்கா, உள்ள இருக்கியளா?"

முத்தாரம்மாள் மறைவிலிருந்து தலையை நீட்டினாள். ஆறு முழுக்கக் கேட்கும் குரலில் பதில் சொன்னாள்.

"இருக்கேன் தம்பி. குளிச்சிட்டிருக்கேன். இனி போய் எழுதுங்க."